பின்சீட்டுக்காரர்களே, உங்களோடுதான் பேசுகிறேன்



காரின் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்காருகிற ஒவ்வொருவரும், முன்சீட்டில் இருப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு பாறாங்கல்லைக் கட்டாமல் வைத்திருக்கிறார். அந்தப் பாறாங்கல் வேறு எதுவும் இல்லை. அவரேதான்.

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில் போவது பற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நடக்கிறது. யார் யார் எந்தக் காரில், பொங்கல் பானை யார் பொறுப்பு, வாழைத்தாரை எங்கே வாங்குவது என்று ஒரு நாளைக்கு நூறு செய்தி. நடுவே நான் ஒரே ஒரு வரி போட்டேன்: "பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். எத்தனை பெல்ட்டோ அத்தனை ஆள்." வந்த பதில்கள் இவை. "சார் ரிட்டயர் ஆகியும் கிளாஸ் முடியல." "அத்தான், பின்னாடி எதுக்கு பெல்ட்டு?" "மாமா, சாஸ்தா பாத்துக்கிடுவார்." கடைசியாக ஒன்று: "அவங்கவங்க உயிர், அவங்கவங்க இஷ்டம்." மீதி எல்லாம் சிரிப்புப் பொம்மைகள்.

சிரித்தவர்கள் மீது வருத்தம் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடுவதாக இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன். தப்பான விடைக்கு அருகில் சிவப்பு மையால் கோடு போட்டே பழகிய கை இது.

கடைசிப் பதிலையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதுதான் கேட்பதற்கு நியாயம் போலத் தெரிகிறது.

அவங்கவங்க உயிர், அவங்கவங்க இஷ்டமா? ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நினைவுபடுத்துங்கள். நியூட்டனின் முதல் விதி, நிலைமம். இயங்கிக்கொண்டிருக்கும் பொருள், வெளியிலிருந்து ஒரு விசை தடுக்கும்வரை இயங்கிக்கொண்டேதான் இருக்கும். கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது என்றால் காருக்குள் இருக்கும் நீங்களும் 60-ல் போகிறீர்கள். உட்கார்ந்திருப்பதால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். கார் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதுகிறது. கார் நின்றுவிடும். நீங்கள் நிற்க மாட்டீர்கள். உங்களை எது நிறுத்துகிறது என்பதுதான் கேள்வி. பெல்ட் நிறுத்தலாம். பெல்ட் இல்லையென்றால் முன்சீட்டின் முதுகு நிறுத்தும். அந்த முதுகுக்கு முன்னால் ஓர் ஆள் இருக்கிறார்.

கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு சுமார் 16.7 மீட்டர். அந்த வேகம் பத்தில் ஒரு வினாடியில் பூஜ்யமானால், முடுக்கக் குறைவு வினாடிக்கு வினாடி 167 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 17 மடங்கு. உங்கள் எடை 60 கிலோ என்றால், உங்களைத் தடுத்து நிறுத்தத் தேவையான விசை சுமார் 10,000 நியூட்டன். அதாவது ஒரு டன் எடைக்குச் சமம். பெல்ட் போடாதவர் முன்சீட்டில் போய் மோதி இன்னும் குறைந்த நேரத்தில் நிற்பார். விசை இதைவிடவும் கூடும். அந்தச் சீட்டில் இருப்பவர் பெல்ட் போட்டவராகவே இருக்கட்டும். முன்னால் பெல்ட், பின்னால் நீங்கள். நடுவில் அவர் நசுங்குகிறார்.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு இல்லை. டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜப்பானில் நடந்த லட்சத்துக்கும் மேற்பட்ட கார் விபத்துகளின் விவரங்களை ஆராய்ந்து, 2002-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பின்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர் சாகும் அபாயம் கிட்டத்தட்ட ஐந்து மடங்காகிறது என்று கண்டார்கள். மறுபடியும் படியுங்கள். பெல்ட் போட்டவர் சாகும் அபாயம். தவறு செய்தது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு.

பிரிட்டனில் 1998-ல் அரசு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. அம்மா கார் ஓட்டுகிறார், பெல்ட் போட்டிருக்கிறார். பின்னால் மகன், பெல்ட் போடவில்லை. கார் மோதுகிறது. மகன் முன்னால் பாய்ந்து அம்மாவின் மேல் விழுகிறான். அம்மா இறந்துபோகிறார். பையன் மறுபடி பின்சீட்டில் போய் விழுகிறான். பார்க்கவே கஷ்டமான படம். ஆனால் பொய் இல்லை.

ஆகவே, "என் உயிர், என் இஷ்டம்" என்று சொல்கிற தம்பிக்கு என் பதில்: உன் உயிர் உன் இஷ்டம்தான். முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிற உன் அண்ணனின் உயிர் எப்படி உன் இஷ்டம் ஆகும்?

அடுத்தது, "பின்னாடி எதுக்கு பெல்ட்டு?"

பின்சீட்டு பத்திரம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. முன்னால் கண்ணாடியும் டேஷ்போர்டும் இருக்கிறது, பின்னால் மெத்தை மாதிரி சீட்டு இருக்கிறது, அதில் மோதினால் என்ன ஆகிவிடும் என்கிறார்கள். அந்த மெத்தைக்குள் இரும்புச் சட்டம் இருக்கிறது. தவிர, விபத்து என்றால் எப்போதும் நேருக்கு நேர்தான் என்று யார் சொன்னது? பக்கவாட்டில் மோதினால் முன்சீட்டு என்ன செய்யும்? கார் உருண்டால் என்ன செய்யும்? பெல்ட் இல்லாதவர் காருக்குள் மிக்ஸியில் போட்ட தேங்காய்ச்சில் மாதிரி சுற்றுவார். கதவு திறந்துகொண்டால் வெளியே வீசப்படுவார். வீசப்பட்டவர் பிழைப்பது அரிது.

ஒரு விபத்தில் மூன்று மோதல்கள் நடக்கின்றன. முதலில் கார் எதிலோ மோதுகிறது. பிறகு உங்கள் உடம்பு காரில் மோதுகிறது. மூன்றாவதை நாம் யோசிப்பதே இல்லை: உடம்புக்குள் இருக்கும் மூளை மண்டையோட்டில் மோதுகிறது, ஈரலும் மண்ணீரலும் உள்ளேயே குலுங்கிக் கிழிகின்றன. "மேலே ஒரு காயம்கூட இல்லையே, நல்லாத்தானே பேசினார்" என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூன்றாவது மோதல் வெளியே தெரியாது.

பெரிய மனிதர்கள் கதையைப் பாருங்கள். 2014 ஜூன் 3-ம் தேதி, மத்திய அமைச்சராகிச் சில நாட்களே ஆன கோபிநாத் முண்டே டெல்லியில் கார் விபத்தில் இறந்தார். பின்சீட்டில் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று அன்றைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன், அவரே ஒரு மருத்துவர், வெளிப்படையாகச் சொன்னார். 2022 செப்டம்பர் 4-ம் தேதி, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் இறந்தார். விலை உயர்ந்த, எல்லாப் பாதுகாப்பு வசதியும் உள்ள கார். முன்சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது.

நம் ஊருக்கு வருகிறேன். என் வகுப்பில் படித்து, நன்றாக வந்த ஒரு பையன். நாலுவழிச் சாலையில் ஒரு ராத்திரி. முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள், வீடு திரும்பினார்கள். இவன் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டு வந்தான். பெயர் எழுத மாட்டேன். அவன் மனைவி இந்தப் பதிவைப் படிப்பார். அவன் கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போய்த் திரும்பிய எவனும் "பின்னாடி எதுக்கு" என்று கேட்க மாட்டான்.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஓட்டுநர்கள் 8,384. பயணிகள் 8,331. பாதிக்குப் பாதி. சும்மா உட்கார்ந்து வந்தவர்கள் எட்டாயிரம் பேருக்கு மேல்.

மிஸ்திரி இறந்த வாரம் எல்லாரும் "பின்சீட்டுக்கும் புதுச் சட்டம் வருதாம்" என்று பேசினார்கள். புதுச் சட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 138(3)-ல், முன்னோக்கி இருக்கும் பின்சீட்டில் உட்காருபவர்களும் பெல்ட் அணிய வேண்டும் என்று அதற்கு முன்பே இருந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவில் அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனாலும் அதே 1,000. சட்டம் இருக்கிறது. டோல்கேட் வந்ததும் பெல்ட்டை இழுத்து நெஞ்சுமேல் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடும் கலையும் நம்மிடம் இருக்கிறது. போலீஸ்காரரை ஏமாற்றலாம். நியூட்டனை ஏமாற்ற முடியாது.

சரி, தெரியாமல்தான் போடாமல் இருக்கிறார்களா? இல்லை என்பது என் கட்சி. நம் குடும்பத்தில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும்போது கார் நகரும் முன் பெல்ட் போடுகிறவர்கள், மதுரை விமான நிலையத்தில் இறங்கி அண்ணன் காரில் ஏறியதும் போடுவதில்லை. அறிவு விமானத்திலேயே இறங்கிப் போய்விட்டதா? இல்லை. காரணம் மரியாதை.

பின்சீட்டு நம் வீடுகளில் பெரியவர்கள் சீட்டு. பெரியப்பா, மாமனார், சம்பந்தி, விருந்தாளி உட்காருகிற இடம். அவர்களிடம் போய் "பெல்ட் போடுங்க" என்று யார் சொல்வது? மருமகள் மாமியாரிடம் சொல்ல முடியாது. மாப்பிள்ளையிடம் மாமனார் சொன்னால் "ஏன், நான் ஓட்டுறதுல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்கும். போன மாதம் ஒரு வாடகைக் கார் டிரைவரிடம் கேட்டேன், "தம்பி, பின்னால் இருக்கிறவர்களைப் போடச் சொல்ல மாட்டீங்களா?" "சொன்னா 'நீ ரோட்டப் பாத்து ஓட்டு'ன்னு சொல்லுவாங்க சார்" என்றார். கூலி வாங்குகிறவர் வாயை அடைத்துவிட்டோம். பிள்ளைகள் வாயை அடைத்துவிட்டோம். பெரியவர்கள் தாங்களாகப் போடுவதில்லை. எல்லாரும் மரியாதையாகச் செத்துப்போகிறோம்.

பந்தியில் உட்கார்ந்தவருக்கு இலை போடாமல் சோறு வைப்போமா? வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்போமா? காரில் ஏறியவருக்குப் பெல்ட்டை எடுத்துக் கொடுப்பதும் அந்த மாதிரி உபசாரம்தான். "அத்தை, இந்தாங்க, இதை இப்படி மாட்டிக்கிடுங்க" என்று சொல்லிப் பூட்டி விடுங்கள். முறைத்தால், வாத்தியார் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லுங்கள். திட்டு எனக்கு வரட்டும்.

இப்போது மடிக் குழந்தை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"என் மடியை விடப் பத்திரமான இடம் உண்டா?" என்று ஆச்சிமார்கள் கேட்கிறார்கள். பாசத்தில் சந்தேகம் இல்லை. கை பலத்தில்தான் சந்தேகம். எட்டு கிலோ குழந்தை. அதே 60 கிலோமீட்டர் வேகம், அதே பத்தில் ஒரு வினாடி. குழந்தையைப் பிடித்து நிறுத்த சுமார் 1,330 நியூட்டன் விசை வேண்டும். 136 கிலோ எடைக்குச் சமம். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தையும் ஒன்றாக, முன்னறிவிப்பு இல்லாமல், கண் இமைக்கும் நேரத்துக்குள் உங்கள் கையில் வீசினால் பிடிப்பீர்களா? ஜிம்முக்குப் போகிற மாப்பிள்ளையாலும் முடியாது. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாமல் இருந்தால் இன்னும் கொடுமை. அவர் உடம்பே குழந்தையை முன்சீட்டில் வைத்து நசுக்கும். தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டினாலும் அதே கதிதான். ஒரு பெல்ட், ஓர் ஆள். அதில் மாற்றமே இல்லை.

கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட் வேண்டும். அது பின்சீட்டில் இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தில் அந்தச் சீட்டின் முதுகிலேயே அடிக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் முன்னோக்கிய குழந்தை சீட், அதற்குப் பிறகு பூஸ்டர் சீட். பெரியவர்களின் பெல்ட் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வயதைக் கேட்காதீர்கள். சீட்டில் முதுகு ஒட்ட உட்கார வையுங்கள். முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்குகிறதா? கீழ்ப்பட்டை தொடைக்கு மேலாக இடுப்பெலும்பில் படுகிறதா? மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோள் நடுவில் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெல்ட் போதும். இல்லையென்றால் பூஸ்டர். காதுகுத்துக்கு எடுத்த பட்டுச்சேலையின் விலைகூட இருக்காது. சேலை எத்தனை தரம் கட்டினீர்கள்?

போடுகிறவர்களும் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த மூன்றுமுனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் போலின். வால்வோ நிறுவனத்தின் பொறியாளர். அதற்கு முன் போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கி வீசும் இருக்கைகளை வடிவமைத்தவர். ஆளை வெளியே வீசும் விஞ்ஞானத்திலிருந்து ஆளை உள்ளே பிடித்து வைக்கும் விஞ்ஞானத்துக்கு வந்தார். 1959-ல் அது காரில் வந்தது. காப்புரிமையை மற்றக் கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ திறந்துவிட்டது. அவர் செய்தது என்ன? உடம்பில் பலமான எலும்புகள் எவை என்று பார்த்து, விசையை அவற்றின் மேல் பரப்பினார். கீழே இடுப்பெலும்பு, மேலே காறையெலும்பும் மார்புக்கூடும். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோம் அல்லவா? நிற்கும் நேரம் கூடினால் விசை குறையும். பெல்ட்டும் உங்களுக்கு அதைத்தான் செய்கிறது. எலும்பில் படாத பெல்ட் இதைச் செய்யாது. எனவே:

கீழ்ப்பட்டை வயிற்றில் இருக்கக் கூடாது. தொப்புளுக்கு நன்றாகக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில், இடுப்பெலும்பை அணைத்து இருக்க வேண்டும். வயிற்றின் மேல் கட்டினால் குடலும் ஈரலும் அடி வாங்கும். சேலை கட்டியவர்கள் கொசுவ மடிப்பின் மேல் புடைப்பாக நிற்க விடாமல், கீழே இறக்கி இழுத்து இறுக்குங்கள்.

மேல்பட்டையைக் கக்கத்துக்குக் கீழே விடுவது, முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்வது, இரண்டும் கூடாது. கழுத்தில் உராய்கிறது என்று நம் மைனிமார்கள் பலர் இதைச் செய்கிறார்கள். மோதும்போது பட்டை விலா எலும்பை உடைத்து உள்ளே குத்தும். கழுத்தில் படுகிறதென்றால், கதவுத் தூணில் பெல்ட் தொங்கும் இடத்தை மேலே கீழே நகர்த்தும் வசதி பல கார்களில் முன்சீட்டுக்கு உண்டு. சீட்டை உயர்த்தியும் பார்க்கலாம்.

முறுக்கிக்கொண்ட பெல்ட் கயிறு மாதிரி அறுக்கும். நீவி விட்டுப் போடுங்கள். தளர்வுக்காகத் துணி கிளிப் மாட்டுவது தற்கொலை. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு பெல்ட் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். மோதும்போது உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கிப் போகும், பட்டை வயிற்றுக்கோ கழுத்துக்கோ ஏறும். டேஷ்போர்டில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வதையும் நிறுத்துங்கள்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்பது கட்டுக்கதை. கீழ்ப்பட்டை வயிற்று மேட்டுக்கு அடியில், இடுப்போடு. மேல்பட்டை மார்புகளுக்கு நடுவில் வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். அம்மாவைக் காப்பதுதான் குழந்தையைக் காக்கும் வழி. அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் என் டாக்டர் மாணவர்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பெரிய விபத்தில் ஒரு தரம் வேலை செய்த பெல்ட்டை மாற்றிவிட வேண்டும். பட்டை நைந்திருந்தாலும் அப்படியே. சட்டென்று இழுத்துப் பாருங்கள். பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மெதுவாக இழுத்தால் வர வேண்டும். "இறுக்கிப் பிடிக்குது, அசைய முடியல" என்று குறை சொல்கிறீர்களே, அதுதான் அதன் வேலை.

மீதி சாக்குகளுக்குச் சுருக்கமாகப் பதில்.

"ஏர்பேக் இருக்கே?" ஏர்பேக்கின் முழுப் பெயரிலேயே 'துணை' என்ற பொருள்படும் சொல் இருக்கிறது. பெல்ட்டுக்குத் துணை, மாற்று இல்லை. கண் இமைப்பதற்குள் விரியும் பையை நோக்கி, கட்டப்படாத உடம்பு பாய்ந்தால் அந்தப் பையே அடிக்கும். முன்னால் இருக்கும் ஏர்பேக், பின்சீட்டில் இருப்பவருக்கு விரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"தீப்பிடிச்சா, தண்ணிக்குள்ள விழுந்தா வெளிய வர முடியாதே?" அப்படி நடப்பது அபூர்வம். நடந்தாலும், பெல்ட் போட்டவருக்கு நினைவு இருக்க வாய்ப்பு அதிகம். நினைவு இருந்தால் சிவப்புப் பொத்தானை ஒரு விரலால் அழுத்திக் கழற்றலாம். மண்டை உடைந்து மயங்கிக் கிடப்பவர் எந்தக் கதவைத் திறப்பார்?

"நாங்க மெதுவாத்தான் போவோம்." மணிக்கு 60-ல் மோதுவது, நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். சூத்திரம் உங்களுக்கே தெரியும். போட்டுப் பாருங்கள், 14 மீட்டர் வரும். தவிர, நீங்கள் மெதுவாகப் போவீர்கள். கயத்தாறு பக்கம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியும், எதிர்த்திசையில் வரும் பைக்கும் உங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

"பீப் பீப்னு கத்துது." அது நிற்கப் பூட்டுக்குள் செருகும் போலிக் கிளிப்பை வாங்கியவர்கள் நம் குடும்பத்திலும் இருக்கிறார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கிளிப்புகளின் விற்பனைக்கு எதிராக உத்தரவு போட்டு, ஆன்லைன் கடைகளில் 13,118 விளம்பரங்கள் நீக்கப்பட்டன. உயிரைக் காக்கும் எச்சரிக்கையை ஊமையாக்கக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம். நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் வரவில்லை என்று தூங்குகிற புத்தி.

"சாஸ்தா பாத்துக்கிடுவார்." நானும் சாஸ்தாவைக் கும்பிடுகிறவன்தான். கோவிலுக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதானே போகிறோம்? வீட்டைச் சாமி பார்த்துக்கொள்ளாதா? நகைக்குப் பூட்டு, உயிருக்கு மட்டும் சாமியா?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெல்ட் மந்திரக் கயிறு இல்லை. சாவு அபாயத்தை முன்சீட்டில் ஏறக்குறையப் பாதி வரையும், பின்சீட்டில் கால்வாசி வரையும் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழுவதும் குறைக்காது. கால்வாசிதானே என்று கேட்காதீர்கள். நம் வீட்டுப் பின்சீட்டில் இருந்து செத்திருக்க வேண்டிய நாலு பேரில் ஒருவர் எழுந்து வந்தால், அந்த ஒருவர் யாராக இருக்கட்டும் என்று விரும்புவீர்கள்?

எனவே பங்குனி உத்திரப் பயணத்துக்கு என் நிபந்தனைகள். ஐந்து பேர் காரில் ஐந்து பேர்தான். "நெருக்கி உட்காந்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். ஆள் அதிகமென்றால் இன்னொரு வண்டி பிடிப்போம். அந்த வாடகையில் பாதி என் பென்ஷனிலிருந்து. பக்கவாட்டு பெஞ்சு உள்ள பழைய வண்டி வேண்டவே வேண்டாம். கைக்குழந்தைக்குக் குழந்தை சீட் வாங்கியாகிவிட்டது. தாத்தா செலவு. ஆச்சி மடி, கோவிலுக்குப் போய் இறங்கிய பிறகு. டிரைவருக்கு நானே சொல்லிவிடுகிறேன்: கடைசி பெல்ட் பூட்டுகிற சத்தம் கேட்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். ஒருவர் போடாவிட்டாலும் அந்தக் காரில் நான் ஏறப் போவதில்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ் இருக்கிறது.

டிராவல்ஸ் நடத்தும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டிரைவர்களுக்கு இந்த அதிகாரத்தை எழுத்திலேயே கொடுங்கள். "பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும்" என்று முதலாளி எழுதி ஒட்டினால், டிரைவர் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

மற்ற எல்லாருக்கும் வீட்டுப்பாடம் ஒன்று, இன்றைக்கே. கீழே இறங்கிப் போய் உங்கள் காரின் பின்கதவைத் திறங்கள். பெல்ட்டின் பூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். பலருக்குக் கிடைக்காது. கார் வாங்கிய வாரமே ஆசையாகப் போட்ட சீட் கவருக்கு அடியில் அவை புதைந்து கிடக்கும். கவரைத் தூக்கி, கையை விட்டு, மூன்றையும் வெளியே எடுங்கள். கவர் மறைத்தால் அந்த இடத்தில் வெட்டி ஓட்டை போடுங்கள். மூன்று பெல்ட்டையும் ஒரு தரம் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. முடித்தவர்கள் கீழே "மூன்றும் பூட்டுகிறது" என்று எழுதுங்கள். சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் அதற்குப் பிறகு போடலாம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்